நாலாவது மாடிக் கூடை

லிஃப்ட் மணி ஒன்பதே முக்காலுக்கு அலறியது. மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு தடவை நடுவில் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துவார். வாட்ச்மேன் பார்த்துக்கொள்வான் என்று மற்றவர்கள் தோசையைத் திருப்பப் போய்விடுவார்கள். அந்த வாட்ச்மேன் நான், வைரவன். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் சட்டைப் பையில் எடுத்த மாத்திரை டப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்கு வருகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஓர் அறை. நான், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள் அனுப்ரியா. அவள் உடை மாற்றும்போது நாங்கள் இருவரும் வெளியே நிற்போம், மழையானாலும். அந்த அறையையும் மாதக் கடைசியில் ஜெனரேட்டருக்கு எடுத்துக்கொள்ள அசோசியேஷன் முடிவு செய்துவிட்டது. அடையாறு வரை வீடு தேடினேன். "என்ன வேலை?" என்பார்கள். சொன்னதும், "நேத்தே விட்டாச்சுப்பா" என்பார்கள். டு-லெட் பலகை மறுநாளும் தொங்கும்.

எங்களுக்குப் பின்புறம், மூடிக்கிடக்கும் ஓர் அச்சகத்தின் நிலம். தொழிற்சாலை நிலம் என்று பதிவானது. அதைக் குடியிருப்பு நிலமாக மாற்றி, நூற்றிருபது வாடகை வீடுகள் கட்ட மாநகராட்சி மாமன்றம் முடிவெடுக்க இருந்தது. வீடு கேட்டவர்கள் பட்டியலில் என் பெயர் பதினான்காவது. தீர்மானம் நிறைவேறினால், வீடு எழும்வரை அறையில் இருந்துகொள்ளலாம் என்று அசோசியேஷனும் ஒப்புக்கொண்டது. ஆட்சேபம் எழுதியவர் ஒருவர்தான். நாலாவது மாடி சண்முகசுந்தரம் சார். அன்று பத்தரைக்கு அவர் நேரில் போய்ப் பேச வேண்டும். போகாவிட்டால் ஆட்சேபம் தள்ளுபடி.

அவர் கெட்டவர் இல்லை. அனுப்ரியாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "நூத்தி இருபது வீடு வந்தா நூத்தி இருபது பைக் நம்ம வாசல்ல நிக்கும் வைரவா. அப்புறம் நீதான் விசில் ஊதிக்கிட்டு நிக்கணும்" என்பார். நானும் சிரிப்பேன்.

அன்று அவர் லிஃப்டில் ஏறியதும், என் அறை வாசலில் இருக்கும் லிஃப்டின் மெயின் சுவிட்சை இறக்கினேன். அவ்வளவுதான். பதினொன்றுக்குத் தூக்கிவிடுவதாக இருந்தேன். லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டி நின்றது. உள்ளே ஃபேனும் நின்றிருக்கும்; செல்போன் சிக்னலும் கிடைக்காது. மார்ச் மாதப் புழுக்கம். மணி மட்டும் பேட்டரியில் வேலை செய்யும், விரல் அழுத்தும்வரை. முதலில் நீளமாக அடித்தது. பிறகு விட்டுவிட்டு அடித்தது.

பத்து மணிக்கு வஜீஹா போன் செய்தாள். அந்த வாடகை வீடுகளுக்குப் பட்டியல் எழுதிய பெண்.

"அண்ணே, இன்னிக்கு மன்றம் கூடலியாம். அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்க. பேஜாராப் போச்சு."

அப்போதே சுவிட்சைத் தூக்கியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். வெளியே வந்ததும் அவர் முதலில் சுவிட்சைத்தான் பார்ப்பார். அது என் வாசலில் இருக்கிறது. வேலை போகும். அறை அன்றைக்கே போகும். அனுப்ரியாவுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. அவருக்கு நெஞ்சில் அடைப்பு உண்டு என்பது தெரியும். ஆனால் மாத்திரை எப்போதும் அவர் கையோடு இருக்கும், சமாளித்துக்கொள்வார். பத்தேகால்வரை அப்படித்தான் நம்பினேன்.

பன்னிரண்டுக்கு நானேதான் லிஃப்டைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டேன். அதற்குள் உயிர் போயிருந்தது. நான் அழுதது நடிப்பல்ல.

இனி டப்பா. பத்தேகாலுக்கு அவர் மனைவி சுந்தரவல்லி அம்மா பால்கனியில் வந்து நின்றார். அவருக்கு முழங்கால் வலி. பால், காய்கறி எல்லாம் கயிறு கட்டிய கூடையில்தான் ஏறும்.

"வைரவா, சார் கிளம்பிட்டாரா? மாத்திரைய வெச்சுட்டுப் போயிட்டாரு. லிஃப்ட் மணி வேற அடிச்சுக்கிட்டே இருக்கே?"

எனக்குப் பின்னால் மணி ஒரு தடவை, சின்னதாக, அடித்து நின்றது. நான் அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்:

"காலி லிஃப்ட்டும்மா. சார் இப்பத்தான் தெருமுனை திரும்பறாரு. கூடைய இறக்குங்க, ஓடிப்போய்க் கொடுத்துட்டு வரேன்."