சுவரைப் பார்த்து நிற்கும் வண்டி

வண்டியைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டீர்கள், தம்பி. சந்தோஷம். இந்த வீட்டில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. உட்காருங்கள். கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வரும். அதுவரை இந்தக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்ளுங்கள். வடலூரிலிருந்து முதுநகர் வரை பஸ்ஸில் வந்தவரை இரண்டு வார்த்தையில் அனுப்புவது மரியாதை இல்லை.

முதலில் தோற்றம். முன்பக்கம், இன்டர்வியூவுக்குப் போகிறவன் முகம் மாதிரி துடைத்துவைத்தது போல இருக்கும். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. பக்கவாட்டில் ஒரு கோடு முன் கதவில் தொடங்கிப் பின் விளக்கு வரை ஒரே மூச்சில் ஓடுகிறது பாருங்கள், அது அழகு. பின்பக்கம்தான், துணி போதாமல் தையல்காரர் பாதியில் நிறுத்திவிட்ட சட்டை. சின்ன வண்டிதான், ஆனால் பெரிய இடத்துச் சின்ன வண்டி. கதவைச் சாத்திப் பாருங்கள், என்ன கனமான சத்தம். என் சம்பளத்தில் வாங்கியிருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. இது என் மனைவி ஜான்சியின் சம்பளம்.

அடுத்தது ஓட்டம். ஊருக்குள் ஸ்டியரிங் ஒரு விரலுக்கு அடங்கும். ஆலப்பாக்கம் தாண்டி வேகம் எடுத்தால் அதுவே கனத்துக் கையில் வந்து உட்காரும். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ்ஸில் போனால் பல் ஆடும். இதில் மடியில் வைத்த டிபன் பாக்ஸ்கூட ஆடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளி வாடை உள்ளே நுழையாது. குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனிகள் வந்ததும் பழக்கதோஷத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். “விடுங்க, இங்க ஒண்ணும் வராது” என்பாள் ஜான்சி. இதையெல்லாம் நான் பக்கத்து சீட்டிலிருந்து சொல்கிறேன். ஓட்டியவள் அவள்.

இத்தோடு முடித்து ஒரு டீயும் கொடுத்து உங்களை அனுப்பியிருப்பேன். ஆனால் வண்டியைச் சுற்றி வரும்போது ஒரு வார்த்தை சொன்னீர்கள். “லேடீஸ் ஓட்டுன வண்டியா சார், அதான் ஒரு சைடு பூரா இப்படி.” தப்பாக நினைக்கவில்லை. ஊரே அப்படித்தான் பேசுகிறது. ஆனால் ஜான்சியைப் பற்றி அப்படி ஒருத்தர் சொன்னால் எனக்கு மனசு தாங்காது. இடது பக்கம் பதினான்கு கீறல், இரண்டு நசுங்கல், ஒரு கண்ணாடி உடைசல். அதில் அவள் செய்தது ஒன்றுகூட இல்லை. அவளைப்போல ஓட்டுகிற ஆள் இந்தக் கடலூரில் நாலு பேர் இருந்தால் அதிகம்.

நானும் அவளும் ஒரே நாளில்தான் சடையப்பனிடம் டிரைவிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தோம். அவள் கணக்கு டீச்சர். போன வருஷம் ஜூனில் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வோடு சிதம்பரத்துக்கு மாற்றல் ஆனது. காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மணி அடிப்பதற்குள் சேர முடியாது, அதனால்தான் கார். இருபத்தொரு நாளில் அவள் கற்றுக்கொண்டாள். எனக்கு முன்னால் போக வந்தது. ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. கழுத்தைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பிவிடும். “சார், நீங்க திரும்பிப் பாக்காம வாழற ஆளு” என்றார் சடையப்பன். நான்தான் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு மூட்டினேன். என்னைப் பற்றிய ஜோக்கை என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இந்தச் சந்து எவ்வளவு குறுகல் என்று வரும்போது பார்த்திருப்பீர்கள். வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் ஜான்சி தினமும் சாயந்தரம் சந்து முனையிலிருந்து ரிவர்ஸிலேயே வந்து ஷெட்டில் நிறுத்துவாள். அவளுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. “ஞாயித்துக்கெழம மீன் வாங்கப் போவணும்னா நீங்க நேரா எடுத்துட்டுப் போயிடலாம்ல” என்பாள். அப்படிப்பட்டவள்.

என் வேலை செம்மங்குப்பத்தில், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். சிதம்பரம் போகிற வழிதான். அவளே என்னைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போவாள். வாட்ச்மேன் ராஜாமணி கண்ணியமான ஆள். முதல் வாரம் சல்யூட் அடித்தார். இரண்டாவது வாரம், “இன்னா ஆரோக்கியராஜ் சார், அம்மா வந்து உட்டுட்டுப் போறாங்களா? வாட்டர் பாட்டில் எடுத்தாந்தீங்களா?” என்றார். கேன்டீன் வரை சிரிப்பு போனது. நான்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தேன். “பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கும் அவுங்கதான் வருவாங்க” என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

முதல் கீறல் தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும். போன வருஷம் செப்டம்பரில், என் பைக்கை ஷெட்டிலிருந்து இழுக்கும்போது ஹேண்டில் கதவில் உரசிவிட்டது. சொல்லத்தான் நினைத்தேன். காலையில் அவளே பார்த்துவிட்டு, “தெற்கு வீதியில நெருக்கிகிட்டு ஒரு ஆட்டோ வந்துச்சு, நான்தான் எங்கியோ உரசிட்டேன் போல” என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு சாப்பாட்டின்போது என் பக்கம் திரும்பி, “ஏங்க, நான் ஒழுங்கா ஓட்டறனா? பாத்து சொல்லுங்களேன்” என்றாள்.

கார் வந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அபிப்பிராயம் சொன்னேன். இடது பக்கம் கொஞ்சம் கவனிக்கணும், அவசரப்படுகிறாய் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மெதுவாக ஓட்டினாள். கேட்டில் இறங்கும்போது ராஜாமணி என்ன சொன்னார் என்பதுகூட எனக்குக் காதில் விழவில்லை.

பத்து நாளில் அந்தக் கீறல் மறந்துபோயிற்று. மறுபடியும் பழைய வேகம், மறுபடியும் பாட்டு. அதனால் இரண்டாவது.

செய்முறையில் ஒளிவுமறைவு இல்லை. சாயந்தரம் ஆறரைக்கு அவள் கோயிலுக்கு ஜெபமாலைக்குப் போவாள். முக்கால் மணி நேரம். கீறலுக்குச் சாவி போதும், ஆனால் சாவிக் கீறல் மெலிசாக, பொறாமைக்காரன் போட்டது மாதிரி இருக்கும். சுவரில் உரசியது மாதிரி வேண்டுமென்றால் உடைந்த செங்கல்தான் சரி, ஒரே உயரத்தில் இழுக்க வேண்டும். நசுங்கலுக்கு அம்மிக்குழவியைச் சாக்கில் சுற்றிக்கொண்டேன், பெயின்ட் உதிரக் கூடாது பாருங்கள். நல்ல வண்டி. பிறகு ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிடுவேன்.

டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் இந்த ஊரில் எதையும் விட்டுவைக்கவில்லை. எதிர்வீட்டுக் கூரை எங்கள் மொட்டைமாடிக்கு வந்தது. இந்த வண்டியில் மட்டும் ஒரு சிராய்ப்பு இல்லை. ஜான்சி முதல் நாளே யோசித்து கோயில் போர்ட்டிகோவுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு அவள் பாட்டுப் போடுவதை விட்டாள். பிப்ரவரியில் அவள் மூக்குக்கண்ணாடியின் பவர் மாற்றினோம். மார்ச்சில் புதுச்சேரியில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். “இடிக்கிறது எனக்கு ஞாபகமே இல்ல டாக்டர். சத்தம்கூடக் கேக்கல” என்றாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்க கூட இருக்கிறதே அவங்களுக்குப் பெரிய பலம் சார்” என்றார். வெளியே வந்து சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்த நாட்களில் நாங்கள் எவ்வளவு அன்னியோன்னியமாக இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எந்தப் புடவை கட்ட வேண்டும் என்பதுகூட என்னைக் கேட்டாள்.

மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கம் வரவழைக்கிற மாத்திரை, வண்டி ஓட்டுகிறவளுக்கு ஆபத்து. அதைத்தான் நான் யோசித்தேன். தலைமை ஆசிரியை பதவியே வேண்டாம், கடலூரிலேயே பழைய வேலை போதும் என்று ஒரு கடிதம் எழுதினோம். அவள் மாத்திரைத் தூக்கத்தில் இருந்ததால் நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். தானே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அரசாங்கக் காரியம், மெதுவாகத்தான் நடக்கும்.

ஆனால் அவள் ஓட்டுவதை விடவில்லை, தம்பி. அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. விடுவதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் போட்டாள். சாயந்தரம் வந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்த்து எழுதுவாள், காலையில் கிளம்பும்முன் மறுபடி சுற்றிப் பார்த்து எழுதுவாள். ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். சாயந்தரக் குறிப்பில் இல்லாத கீறல் மறுநாள் காலைக் குறிப்பில் இருந்தது. மூன்று இடத்தில் அப்படி. மூன்றிலும் சிவப்பு மையால் ஒரு சின்ன கேள்விக்குறி. பாவம், ஒழுங்காகக் குறிப்பு எழுதக்கூட முடியாத அளவுக்குக் குழம்பிப்போயிருந்தாள்.

இதற்கு மேல் அவளைக் கஷ்டப்படவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன், சாயந்தரம் அவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்: குடிகாட்டிலிருந்து ராஜமாணிக்கம் என்று ஒரு பெரியவர் வந்தார், காலையில் உன் வண்டி அவர் சைக்கிளைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டதாம், கால் எலும்பு முறிந்திருக்கிறது, போலீசுக்குப் போகாமல் நான் பேசி அனுப்பியிருக்கிறேன்.

காலெலும்பு முறிந்தவர் எப்படி நடந்து வந்தார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவள் கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மனுஷனை இடித்துவிட்டுத் தெரியாமல் போயிருக்கிறேனே என்று ஒரு தடவைதான் சொன்னாள். அப்போது எனக்கு அழுகை வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிக் குடிகாட்டுக்குப் போய்விட்டாள், அவரிடம் மன்னிப்புக் கேட்க. நான் இதை எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தாள். பை அப்படியே இருந்தது.

“பாத்தியா?” என்றேன்.

“ஊருக்குப் போயிட்டாராம்” என்றாள்.

நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியொரு பெயரில் அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள், அதுவும் சமயத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள். கடவுள் பெரியவர்.

அந்த ஆப்பிளில் ஒன்றை நறுக்கி எனக்குக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பூசைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள், பாட்டுப் போட்டுக்கொண்டு. வந்து நிறுத்தினாள், சாவியை என் கையில் கொடுத்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டாள். சிதம்பரத்திலேயே ஒரு ரூம் பார்த்திருக்கிறாளாம், வாரத்தில் ஐந்து நாள் அங்கே, சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் வேலை ஜாஸ்தி. பதினோரு சனிக்கிழமை ஆகிறது. நான் ஒவ்வொரு வாரமும் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

வண்டியை விற்கிற யோசனையும் அவளுடையதுதான். உங்களிடம் போனில் என்ன சொன்னாள் என்று நீங்கள் உள்ளே வந்ததுமே சொன்னீர்களே: “கீறலப்பத்தி எல்லாம் அவரக் கேளுங்க, அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.” இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா. இத்தனைக்குப் பிறகும் என் அபிப்பிராயத்தை அவள் மதிக்கிறாள்.

மாதாமாதம் நான் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். கோபப்பட்டது, பூசைக்குத் தாமதமாகப் போனது, எல்லாம் சாமியாரிடம் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. பாவம் என்று பட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்களிடம் சொல்வதுகூட அவளை ஒருத்தர் தப்பாக நினைக்கக் கூடாதே என்பதற்காகத்தான். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் மனசு உடைந்துபோவாள்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறீர்கள். தாராளமாக. ஒரே ஒரு சிக்கல். கடைசி நாள் அவசரத்தில் மறந்துவிட்டாள் போல, வண்டியை நேராக உள்ளே விட்டு, பம்பர் சுவரைத் தொடுகிற மாதிரி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். பின்னால்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது வராது. நீங்கள் எடுக்கலாம், ஆனால் சந்து குறுகல். பழக்கமில்லாத கை, ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு மனசு கேட்காது. அவசரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், தம்பி. சனிக்கிழமை ஜான்சி வருவாள். வந்ததும் திருப்பி நிறுத்திவிடுவாள்.