ஐந்தாவது படத்தைப் பற்றி என் கருத்து

ஒரு கிழவர் ஜன்னலோரம் நின்று மூன்று நிமிடம் பேசாமல் வெளியே பார்த்தால், அந்தப் படம் விருதுப் பட்டியலில் வந்துவிடும். வெளியே மழையும் பெய்தால் விருதே கிடைத்துவிடும். இது என் பல வருடத்து ஆராய்ச்சி. ஆஸ்கர் பட்டியல் வெளியானால் எங்கள் கல்லூரியில் என் கருத்துக்காகக் காத்திருப்பார்கள். 'அரை டிக்கெட்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் எழுதுகிறேன். கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் ஒரு மார்க், அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டால் இரண்டு மார்க். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து உலகப் படங்களைக் கிண்டல் செய்வதில் ஒரு வசதி உண்டு. அந்த இயக்குநர்கள் யாரும் நம் வீட்டுக்கு வந்து அழுவதில்லை.

சுகாசினி என் வகுப்பு. நான் எழுதுவதைப் படித்துச் சத்தமாகச் சிரிக்கும் முதல் ஆள் அவள்தான். போன வருடம் அவளும் ஒரு குறும்படம் எடுத்தாள். பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் அவள் அப்பா பரசுராமன் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுப்புடவை நெய்கிறார். அவர் நெய்வதுதான் படம். சென்னையில் நடக்கும் மாணவர் குறும்பட விருதுக்கு அனுப்பினாள். கடைசிப் பட்டியலுக்கு வந்த ஐந்து படங்களில் அது ஒன்று. நானும் ஒரு படம் அனுப்பியிருந்தேன், வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தையும் பற்றி எழுத வேண்டியது என் பொறுப்பு. முதல் படத்தில் கடல் வருகிறது, வேறெதுவும் வரவில்லை. இரண்டாவதில் எல்லோரும் அழுகிறார்கள். பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் மிச்சம். மூன்றாவதும் நான்காவதும் ஒரே படம் என்றே கடைசிவரை நினைத்திருந்தேன். ஐந்தாவதை சுகாசினி தனியாக எனக்கு அனுப்பினாள்.

"அந்தப் புடவைக்காரங்க கல்யாணம் முடியிற வரைக்கும் யாருக்கும் காட்டாதபா. அப்பாவுக்குப் பிரச்சினை ஆயிடும்" என்றாள்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பாவு நூலும் ஜரிகையும் டிசைனும் முதலாளி கொடுப்பார், நெசவாளி கூலிக்கு நெய்வார். கல்யாண ஆர்டர் என்றால், அந்தப் பெண் மேடையேறும்வரை அந்த டிசைன் வெளியே போகக் கூடாது. வீட்டுக்கு ஆள் வந்தால் தறிமேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடிவிடுவார் பரசுராமன்.

அவள் கவனமாகத்தான் எடுத்திருந்தாள். அப்பாவின் முகம், கால், கை மட்டும். ஆனால் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்தது சரியாக வந்திருக்கிறதா என்று அவர் ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்கிறார். கண்ணாடியில் முந்தி தெரிகிறது. இரண்டு கிளிகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் கூண்டு திறந்து கிடக்கிறது. பிறகு அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் ஷாட். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டாவது கருத்து கேட்பது நல்ல விமர்சகனின் பழக்கம். என் அத்தை மகன் குரு, வேறொரு பட்டுக் கடைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான். அந்த ஷாட்டை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "இன்னாடா இது, மிரட்டலா இருக்குது. எங்க புட்ச்ச?"

"ஒரு படத்துல வருது. ஷாட் எப்படி இருக்குதுன்னு சொல்லு."

"ஷாட்டு கெடக்குது வுடு. அந்தக் கிளியைக் கொஞ்சம் பெருசு பண்ணி அனுப்பு."

பெரிது பண்ணி அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றான். தெளிவாக்கியும் அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கிளிகள் விசைத்தறியில் நெய்யப்பட்டு, குருவின் கடை வாசலில் ஒரு பொம்மையின் தோளில் தொங்கின. நாலு கலரில் இருந்தன. கல்யாணப் பெண்ணே நேரில் பார்த்துவிட்டாள். புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆர்டரைக் கொடுத்த முதலாளி முசரவாக்கம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். துணைக்கு வரச்சொல்லி சுகாசினி கூப்பிட்டிருந்தாள்.

"உன்ன நம்பித்தானே குடுத்தேன் பரசுராமா? எவ்ளோக்குப்பா வித்த?"

"முதலாளி, எம்பொண்ணு மேல சத்தியமா நான் விக்கலை."

"அப்ப கிளி தானா பறந்து போச்சா?"

நல்ல வசனம். நான் எழுதியிருந்தாலும் இப்படி வந்திருக்காது. முதலாளியின் ஆட்கள் தறியிலிருந்த பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மூட்டையை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். அதன் பிறகு ஊரில் எந்த முதலாளியும் பரசுராமனுக்குப் பாவு கொடுக்கவில்லை.

போட்டிக்கு அனுப்பியதால்தான் வெளியே போயிருக்க வேண்டும் என்று சுகாசினி முடிவு செய்தாள். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"என்னாலதான்பா எல்லாம்" என்றாள்.

"ஆமாம்மா. அந்தக் கண்ணாடி ஷாட் வேணாம்னு அப்பவே சொன்னேன் இல்ல?"

நான் அப்படிச் சொன்னதே கிடையாது. அவள் டீயைக் கீழே வைத்தாள். பிறகு, "ஆமா, சொன்ன" என்று தலையாட்டினாள்.

போட்டியிலிருந்து படத்தை வாபஸ் வாங்கச் சொன்னதும் நான்தான். போனிலிருந்தும் அழித்துவிட்டாள். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று நான் காட்டினேன்.

இதைப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். விருது விழாவில் நான்கு படங்களைத்தான் போட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு என் படத்தைக் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு லாபமும் இல்லாத காரியத்தைப் பொறாமையில் செய்தேன் என்பது தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லை.

பரசுராமன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன். மகளோடு பேசுவதில்லை. சுகாசினி படிப்பை விட்டுவிட்டு அங்கேயே ஒரு செல்போன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். என்னோடு மட்டும் தவறாமல் பேசுவாள். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். கம்பெனிக்குள் போனை ஒளித்து வைத்து எடுத்திருக்கிறாள். வரிசையாக நின்று வேலை பார்க்கும் பெண்கள், ஷிப்ட் முடிந்து கையுறையைக் கழற்றும் விரல்கள்.

"உள்ள கேமரா எடுத்துக்கினு போவக் கூடாதுபா, தெரிஞ்சா வேலை பூடும். உன்கிட்ட மட்டும்தான் காட்றேன். உள்ளத உள்ளபடி சொல்லு."

பார்த்தேன். முந்தையதைவிட நன்றாக இருக்கிறது. இது நிச்சயம் பட்டியலில் வரும். அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் புகார் அனுப்ப வெப்சைட்டில் ஒரு மெயில் முகவரி கொடுத்திருக்கிறார்கள். விமர்சனம் என்று வந்துவிட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்று நான் பார்ப்பதில்லை.