வைத்தியச்சி வேடம் காலி இல்லை

அந்த நாற்காலியில் வேண்டாம், இதில் உட்காருங்கள். அது கொஞ்சம் ஆடும். காபி நான் போட்டது, முகம் சுளிக்காமல் குடித்துவிடுங்கள். அம்மா பாலவாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாய் என்று கேட்கலாம் என்று பார்த்தால், போனைச் சித்திதான் எடுக்கிறாள்.

நீங்கள் வந்ததே பெரிய விஷயம், ஷ்ரேயா. 'புதிய கற்பனை விளையாட்டு, ஆடிப் பார்க்க ஆட்கள் தேவை, அனுபவம் வேண்டாம், சுண்டல் உண்டு' என்று விளம்பரம் போட்டேன். விசாரித்த சிலரில் ஒருவர் சுண்டலைப் பற்றி மட்டும் விசாரித்தார். கொண்டைக்கடலையா பட்டாணியா என்று. மற்றவர்கள் விளம்பரத்துக்குக் கீழே, முன்பு இங்கே ஆடிக்கொண்டிருந்த சைஃப் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். 'ஹம்சா ஏன் போனாங்கன்னு மொதல்ல அவரைக் கேளுங்க.' நீங்கள் ஒருவர்தான் அதைப் படித்த பிறகும் நேரில் வந்து கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. விளையாட்டை எழுதுகிறவன் ஆடிப் பார்க்க வருகிறவர்களிடம் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'முகிலாற்றுச் சீமை'. மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொள்வீர்கள். ஒருவர் வீரன், ஒருவர் வைத்தியச்சி, ஒருவர் மந்திரவாதி. மலை, ஆறு, பூதம், சத்திரக்காரன், வழியில் வருகிற கிழவன் எல்லாம் நான். என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். இதற்காக ஒழுங்கான வேலை ஒன்றை விட்டேன். விதிப் புத்தகம் தலையணை கனம் வந்தது. மொட்டை மாடியில் வடாம் துணி பறக்காமல் இருக்க அம்மா அதைத்தான் மூலையில் வைப்பாள். அச்சாவதற்கு முன்னால் அது செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

எழுதுவது சுலபம். ஆடிப் பார்க்க ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒரே ஒரு நாள் வந்து 'சூப்பர் மச்சி' என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறவர்களால் பயனில்லை. அதே ஆட்கள், அதே மேசை, வாரா வாரம், கதை முடிகிற வரைக்கும் வர வேண்டும். என் கல்லூரி நண்பன் ஒருவன் பாதி ஆட்டத்தில், வண்டியை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். இன்னும் நிழல் தேடிக்கொண்டிருக்கிறான்.

சைஃப் வந்தது பகடையால். ஈக்காட்டுத்தாங்கலில் அவன் அப்பா குலாம் ரசூலின் லேத் பட்டறை இருக்கிறது. பித்தளையில் இருபது முகப் பகடை செய்து தர முடியுமா என்று கேட்டுப் போனேன். நான் வரைந்துகொண்டு போன படத்தைச் சைஃப் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இதுக்கு இத்தினி மூஞ்சி கீது?" என்றான். செய்து கொடுத்தான். அது எதற்கு என்று பார்க்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரம் வந்தவன், வீரனாகி உட்கார்ந்துவிட்டான்.

ஹம்சா அடுத்த தெரு. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அம்மாவும் என் அம்மாவும் சிநேகிதம், அந்த வழியில் வந்தாள். முதல் நாளே பகடையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கணக்குப்படி ஒங்க பூதம் சாகறதுக்கு ஆடி மாசம் ஆயிடும், சாய்நாத். போட்டுப் பாத்தேளா?" என்றாள். நான் போட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகுதான் புரிந்தது, எனக்குக் கிடைத்திருப்பது எந்த எழுத்தாளனுக்கும் லேசில் கிடைக்காதது என்று. அவள் எடுத்துக்கொண்டது வைத்தியச்சி வேடம். நான் எழுதியதிலேயே மட்டமானது அது. அவள் கைக்குப் போனதும் மேசையில் மற்ற எல்லோரும் அவளை நம்பித்தான் காட்டுக்குள் நுழைந்தார்கள்.

மூன்றாவது ஆள் கிடைக்காமல் என் அம்மா ஜலஜாவை மந்திரவாதி ஆக்கினேன். ஜலஜா மந்திரவாதி யாரையும் தாக்கியதில்லை. எதிரே வருகிற பூதத்தை, "பாவம், எப்போ சாப்பிட்டதோ" என்பாள். அந்த அபாயத்துக்கு என் விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆனாலும் மேசை நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அந்தச் சனிக்கிழமைகளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

இப்போது வதந்தி விதி. அது என் பெருமை. சீமையில் ஒருவரை வீழ்த்தக் கத்தி எடுக்கத் தேவையில்லை, ஒரு வார்த்தை போதும். ஆனால் பொய் சொல்லக் கூடாது. திட்டவும் கூடாது. அந்த ஆளைப் புகழ வேண்டும், புகழ்ச்சியோடு அக்கறையாக ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். அது வாய்க்கு வாய் இரட்டிப்பாகும். இதைப் படித்துக் காட்டியபோது ஹம்சா உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு வார்த்தைக்கு ஊரே திரும்பிடுமா என்ன? நம்பற மாதிரி இல்லையே." சைஃபும் தலையாட்டினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பூதத்தைப் பற்றி அவள் சொன்னது சரி. இதைப் பற்றிச் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் வழியில்லை.

கொஞ்ச நாளில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அடையாறு. பையன் பெயர் பரத்வாஜ், வேலை புனேயில். அடுத்த ஆட்டத்தில் அம்மா விசாரித்தாள். ஹம்சா கையிலிருந்த பகடையையே பார்த்துக்கொண்டு, "பேசிண்டே இருந்தோம் மாமி, காபி ஆறியே போயிடுத்து. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். கணக்கில் தவிர வேறு எதிலும் அவள் அவ்வளவு தீர்மானமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கண்ணாலத்துக்கு நம்ம டீமுக்கு முன் வரிசை சீட்டு போட்ருமா," என்றான் சைஃப். அம்மா உள்ளே போய்ப் பாயசத்துக்குப் பால் வைத்தாள். "புனேலேர்ந்து சனிக்கிழமை எப்படி வருவே?" என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நிச்சயம் செய்வதற்கு முன்னால், தெரிந்தவர்களிடம் காதும் காதும் வைத்த மாதிரி பெண்ணைப் பற்றி விசாரிப்பார்கள். பையனின் அம்மாவுக்கு என் அம்மாவைக் கச்சேரிகளில் பார்த்த பழக்கம். அவர் போன் செய்தபோது, அம்மா தன் போனை மேசையில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கக் கீழே போயிருந்தாள். நான் எடுத்தேன்.

"ஹம்சான்னு ஒரு பொண்ணு சனிக்கிழமையானா ஒங்காத்துக்கு வராளாமே. பகடையெல்லாம் உருட்டறாளாம். தப்பா கேக்கலை, நாளைக்கு நாலு பேர் கேட்டா பதில் சொல்லணுமோல்லியோ," என்றார் அந்த மாமி.

"அது வெறும் விளையாட்டு மாமி. எங்கம்மாவும்தான் ஆடறா," என்றேன்.

"அப்படியா, நல்லதாப் போச்சு." அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "பொண்ணு எப்படி?"

"ரொம்ப நல்ல பொண்ணு மாமி. கெட்டிக்காரி. மருந்தெல்லாம்கூட நிறுத்தியாச்சு. இப்போ நன்னாத் தூங்கறா."

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "என்ன மருந்து?" என்றார்.

"அதெல்லாம் நான் சொல்றது நன்னா இருக்காது மாமி. அவாத்துலயே சொல்லுவா."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அதற்கு முந்தின மாதம் ஹம்சாவுக்கு இருமல். மருந்து குடித்தாள், நிறுத்தினாள், தூங்கினாள். விதியை நான் அட்சரம் பிசகாமல் பின்பற்றினேன். அம்மா வந்து யார் போனில் என்று கேட்டபோது, கடன் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்று சொன்னேன். சரி, அது பொய். ஆனால் அது ஆட்டத்துக்கு வெளியே.

நீங்கள் நினைப்பது புரிகிறது. காதல் இல்லை. காதலாக இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும், படம் எடுக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது மேசை கலையாமல் இருப்பது, அவ்வளவுதான். கூடவே ஒரு விதி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வேலை செய்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்தோம், சரிப்படவில்லை என்று அடையாறிலிருந்து சொல்லிவிட்டார்கள். அடுத்து வந்த இரண்டு வரன்களும் விசாரிப்போடு நின்றுபோயின. வாய்க்கு வாய் இரட்டிப்பாகும் என்று எழுதியிருந்தேனே, அது குறைவான மதிப்பு. மந்தைவெளி போய்ச் சேர்வதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தாள். தி.நகரில் மாடியிலிருந்து குதிக்கப் பார்த்திருந்தாள். ஒரு மாணவியின் தாய், தன் பெண்ணை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டாளாம். அவள் அப்பா கச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவள் அம்மா எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து, தரகர் மூலமாகத் தங்களுக்கு வந்து சேர்ந்த அந்த வாக்கியத்தை வார்த்தை மாறாமல் சொல்லி அழுதாள். "எந்தப் பாவி வாய் இதைச் சொல்லித்தோ," என்றாள் என் அம்மா. நானும் அதே கருத்தைத் தெரிவித்தேன்.

ஹம்சா மட்டும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. அந்த மாதங்களில்தான் வைத்தியச்சிக்கு உயிர் வந்தது. பிழைக்க மாட்டார்கள் என்று பகடை சொல்லிவிட்ட ஆட்களின் பக்கத்தில் அவள் வைத்தியச்சி வெறுமனே உட்கார்ந்திருப்பாள். கையைப் பிடித்துக்கொண்டு, விடிகிற வரைக்கும். அதற்கு விதி கிடையாது. அவளைப் பார்த்துத்தான் எழுதினேன், புத்தகத்திலேயே நல்ல பக்கம் அது. ஒருநாள் சுண்டல் தட்டை வாங்கிக்கொண்டே, "என்னை ஒரு மாதிரி பாக்காத இடம் ஒங்காம் ஒண்ணுதான், சாய்நாத்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை.

மாட்டிக்கொண்டது எப்படி என்று கேட்பீர்கள். என் சொந்த மடத்தனத்தால். கையில் நல்ல வசனம் ஒன்று இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் இருக்க இந்தத் தொழிலில் யாராலும் முடியாது. அன்று மூன்று பேரும் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த ஊர் இளவரசி எப்படிப்பட்டவள் என்று அம்மாவின் மந்திரவாதி கேட்டாள். நான் சத்திரக்காரன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "ரொம்ப நல்ல பொண்ணு. கெட்டிக்காரி. மருந்தெல்லாம்கூட நிறுத்தியாச்சு. இப்போ நன்னாத் தூங்கறா."

சைஃப் சிரித்தான். அவன் மட்டும்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அடையாறு மாமி என் போனுக்குப் பண்ணினாளா?" என்றாள்.

"பண்ணினா," என்றேன். நேராகக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன்.

ஹம்சா கத்தவில்லை, அழவில்லை. உருட்டுவதற்காக எடுத்த பகடையைச் சைஃபின் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, சாய்நாத். நம்பற மாதிரிதான் இருக்கு. ஒரு வார்த்தை போறும்." எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மா அவள் பின்னாலேயே படியிறங்கினாள், வெறும் காலோடு. சைஃபுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது, நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பித்தளைப் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டான். "இத்த உருக்கிடுறேன்," என்றான். அதனால்தான் உங்கள் முன்னால் பிளாஸ்டிக் பகடை.

அடையாறுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள், பாலவாக்கத்துக்குக் கிளம்பும்போது. யோசித்தேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற அந்த விதியில் இடமில்லை. அடுத்த பதிப்பில் சேர்க்கலாம். தவிர, பரத்வாஜுக்குத் தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்வி.

புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்னட்டையில் போட்டிருக்கிறேன். 'நம்பற மாதிரிதான் இருக்கு. ஒரு வார்த்தை போறும். – ஆடிப் பார்த்த ஒரு கணித ஆசிரியை.' அவள் பெயரைப் போடவில்லை. அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது பாருங்கள்.

ஆக, வீரன் காலி, மந்திரவாதி காலி. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் இருக்கிற மோதிரம் புதிதா? சும்மாதான் கேட்டேன். வாரா வாரம் வரக்கூடியவர்களா என்று தெரிந்துகொள்வது நல்லது.

வைத்தியச்சி மட்டும் காலி இல்லை. அந்த நாற்காலி ஆடாது, உங்களிடம் பொய் சொன்னேன். அது ஹம்சாவுடையது. கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.