டர்போ வண்டிக்கு எந்தப் பெட்ரோல்

பெட்ரோல் போடும்போது நான் வண்டிக்குள்ளயே உட்கார்ந்துக்கினு இருக்க மாட்டேன் மேடம். இறங்கி நிப்பேன். மீட்டர் பூஜ்யத்துல இருக்குதான்னு பார்ப்பேன், எந்தக் குழாயைக் கையில எடுக்கிறாங்கன்னு பார்ப்பேன். நாலு பேர் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். நம்ம பொருளை நாமதானே பார்த்துக்கணும்.

நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா ஏதோ கிறுக்கன்னு எழுதிக்குவீங்க. என் வண்டி டர்போ. இன்ஜின் சின்னதுதான். ஆனா காத்தை உள்ள அழுத்தித் தள்ளி, பெரிய இன்ஜின் செய்யற வேலையை அதுகிட்ட வாங்குது. அந்த அழுத்தத்துல சாதா பெட்ரோல் சில நேரம் அவசரப்பட்டு முன்னாடியே பத்திக்கும். உள்ள டொக்கு டொக்குன்னு தட்டும். விலை கூடின பிரீமியம் அப்படி இல்லை, சொன்ன நேரத்துக்குத்தான் எரியும். அந்தக் குணம் எனக்குப் பிடிச்சிருந்தது.

அண்ணனுக்குப் பிடிக்கலை. பரமசிவம்னா பெரிய காஞ்சிபுரத்துல யாருக்கும் அடையாளம் சொல்லத் தேவையில்லை, போன மாசம் அவர் சாவுக்கு வந்த கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீங்க. எங்க அப்பா தவறினப்போ எனக்கு மீசை கூட முளைக்கலை. என்னைப் படிக்க வச்சது, பட்டுக் கடையில உட்கார வச்சது, பொண்ணு பார்த்துக் கட்டி வச்சது எல்லாம் அண்ணன்தான். தங்கமான மனுஷன். மனசாரச் சொல்றேன்.

அவரைக் கேக்காம நானா ஒரு முடிவு எடுத்தேன்னா அது இந்த வண்டி. அப்புறம் அதுக்கு என்ன ஊத்தறதுங்கறது. அதுக்கும் அவர் சும்மா இருக்கலை. கடையில கூட்டம் இருக்கும்போதே, "ஏண்டா உதயா, காருக்கு நெய்யாடா ஊத்தறே"ன்னு கேப்பார். புடவை பார்க்க வந்தவங்க சிரிப்பாங்க. கடைப் பசங்களும் சிரிப்பாங்க. அப்புறம் தெருவுலயே நெய் வண்டின்னு பேர் ஆயிடுச்சு. அண்ணன் கெட்ட எண்ணத்துல சொல்லலை, அது எனக்கும் புரியுது. ஆனா உதயகுமார்னு எனக்கு ஒரு பேர் இருக்குது இல்லையா.

ஒரு தடவை குடும்பத்தோட கிளம்பினோம். பங்க்ல நான் இறங்கி பிரீமியம்னு சொல்றேன். அண்ணன் முன் சீட்ல இருந்து கண்ணாடியை இறக்கி, "அவன் கிடக்கிறான், நீ சாதா போடும்மா"ன்னார். பெட்ரோல் போடற பொண்ணு என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கலை. அவருக்குத் தலையாட்டிட்டு சாதாவைப் போட்டுது. பின் சீட்ல என் பொண்டாட்டி சிரிச்சா.

சாயங்காலம் நான் மெக்கானிக்கை வச்சு அந்தப் பெட்ரோல் மொத்தத்தையும் வடிச்சேன். வடிச்சதை எங்கேயாவது கொட்டித்தானே ஆகணும். அண்ணி இளவரசி வாசல்ல மல்லிக் கொடி வச்சிருந்தாங்க, தினம் அம்மனுக்கு அதுல இருந்துதான் பூ போகும். அது வேர்ல ஊத்தினேன். ஒரு வாரத்துல கொடி கருகிப் போச்சு. அண்ணி யார் கண்ணு பட்டுதோன்னு அழுதாங்க. புதுக் கொடி வாங்கியாந்து நட்டுக் கொடுத்தது நான்தான். மனசு கேக்கலை.

அதுக்கப்புறம் நான் ஒரு விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். டேங்க்ல ரெண்டு பெட்ரோலைக் கலந்தா இன்ஜின் போயிடும்னு. எங்க ஜனங்ககிட்ட இதை விளக்கவே தேவையில்லை மேடம். தறியில பாவு பாதி ஓடும்போது வேற பட்டு நூலைச் சேர்த்தா புடவையில கோடு விழும், அந்தப் புடவை தேறாது. சின்ன வயசுல இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவங்க. கலக்கக் கூடாதுன்னா உடனே, ஆமாம்பான்னுடுவாங்க. அண்ணன் போன அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன். பிரீமியம் தேடிப் போனேன், அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சுன்னு. பாவம், பதட்டத்துல வழக்கமா செய்யறதையே செஞ்சிருக்கான்னு என் கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னாங்க. அண்ணி கூட சொன்னாங்க.

சரி, அன்னைக்கு நடந்தது. வேலூர்ல ஒரு கல்யாணம். அண்ணியும் என் பொண்டாட்டியும் வரலை, நானும் அண்ணனும்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பினோம். தாமல் ஏரி ஓரம் வரும்போது அண்ணனுக்கு நெஞ்சுல வலி வந்துது. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. இடது கை இழுக்குதுடான்னார். எனக்கு உடனே விஷயம் புரிஞ்சுது. பின் சீட்ல படுக்க வச்சேன். தலைக்குக் கல்யாண வீட்ல கொடுத்த தாம்பூலப் பையை மடிச்சு வச்சேன். அங்க இருந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி ஒண்ணும் தூரம் இல்லை.

ஏரியைத் தாண்டி ஒரு பங்க் இருக்குது. அதுல திரும்பினேன். ரிசர்வ் வந்துடுச்சுண்ணா, போட்டுக்கினு போயிடலாம்னேன். படுத்துக்கினு இருக்கிறவருக்குப் பெட்ரோல் காட்டற முள் தெரியாது. அங்க கிரேஸ்னு ஒரு பொண்ணு வேலை செய்யுது, உங்ககிட்ட வந்து சொன்னதும் அதுதான். பிரீமியம் இருக்குதாம்மான்னு கேட்டேன். ஸ்டாக் இல்லைன்னுது. அப்புறம் பின் சீட்டைப் பார்த்துட்டு, "ஐயோ சார், அவருக்கு முடியலையே, சாதா போட்டுக்கினு சீக்கிரம் போங்க. இல்ல நூத்தியெட்டுக்கு போன் போடட்டுமா"ன்னு கேட்டுது. வேணாம்மா, பக்கத்துலதான் ஆஸ்பத்திரின்னேன். நல்ல பொண்ணு. அது மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அண்ணன் உள்ள இருந்து, "சாதாவே போட்றா உதயா"ன்னார். நெஞ்சைப் பிடிச்சுக்கினு, மூச்சு வாங்கிக்கினு, அப்பவும் அதையே சொல்றார் மேடம். அப்பவும் நான் நினைச்சது நடந்துடக் கூடாதாம் அவருக்கு. அதுவரைக்கும் நான் எதுவும் முடிவு பண்ணலை, சத்தியமா. அந்த வார்த்தையைக் கேட்டப்புறம்தான் வண்டியை வந்த வழியே திருப்பினேன்.

வாலாஜா பக்கம் ஒரு பங்க்ல பிரீமியம் எப்பவும் இருக்கும். நிதானமா ஓட்டினேன். கொஞ்ச நேரத்துல அண்ணன் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். "இன்னாடா இது, ஏரி மறுபடியும் வருது"ன்னார். ஆமாண்ணா, பிரீமியம் போடப் போறோம்னேன். அவர் அண்ணிக்கு போன் போடறேன்னு பாக்கெட்டைத் தடவினார். நான் கையை நீட்டி போனை வாங்கி முன்னாடி வச்சுக்கினேன். அந்த நிலைமையில அவருக்கு எதுக்கு சிரமம்.

அந்த பங்க்ல டேங்கை நிரப்பினேன். கிளம்பும்போது டயர்ல காத்து குறைஞ்ச மாதிரி இருந்தது, நாலு சக்கரத்துக்கும் பார்க்கச் சொன்னேன். அதுவும் கேமரால பதிஞ்சிருக்கும், நீங்க பார்த்திருப்பீங்க. அப்போதான் அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். கதவைத் திறந்தேன். என் கையைப் பிடிச்சுக்கினார். "நீ சொல்றதுதாண்டா சரி. எல்லாம் உன் இஷ்டம்டா. என்னைக் கொண்டுபோய் சேர்த்துடுறா ராஜா"ன்னார். சின்ன வயசுல ஜுரம் வந்தா அவர்தான் என்னை ராஜான்னு கூப்பிட்டு மருந்து கொடுப்பார்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க மேடம், உயிர் பயத்துல சொல்ற வார்த்தையை எப்படி எடுத்துக்கிறது. நாளைக்குப் பிழைச்சு எழுந்து உட்கார்ந்தார்னா, கடையில நாலு பேர் முன்னாடி இதையும் ஒரு கதையா சொல்லிச் சிரிப்பார். நான் செத்துக்கினு இருக்கேன், இவன் காருக்கு நெய் ஊத்திக்கினு இருக்கான்னு. சொல்லுவாரா மாட்டாரா. மனசாரப் புரிஞ்சு சொல்லணும்னுதான் நான் எதிர்பார்த்தேன்.

அதனாலதான் திரும்பி வரும்போது கூரம் வழியா விட்டேன். சுத்து வழிதான், இல்லைன்னு சொல்லலை. அந்த ரோட்ல கூட்டம் இருக்காது, டர்போ இழுக்கிறது உடம்புக்கே தெரியும். பாருங்கண்ணா, இன்ஜின்ல ஒரு சத்தம் இருக்குதான்னு கேட்டேன். அவர் என்னமோ சொன்னார், அண்ணி பேர் மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் மூச்சு சத்தம்தான், அதுவும் கொஞ்ச தூரம்.

வண்டியோட வந்த புத்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னு கேட்டீங்க. சாதாவே போதும்னுதான் போட்டிருக்குது. பிரீமியம் போட்டா நல்லா இழுக்கும். சாதா போட்டா கொஞ்சம் மந்தமா போகும், அவ்வளவுதான். தட்டினா வண்டியே தெரிஞ்சுக்கினு தன்னை அடக்கிக்கும். ரெண்டையும் கலந்தாலும் ஒண்ணும் ஆகாது. வாங்கின அன்னைக்கே படிச்சுட்டேன். தாமல்ல டேங்க்ல எவ்வளவு இருந்ததுன்னு கேட்டீங்க. பாதிக்கு மேல இருந்தது.

ஆமாம், எழுதிக்குங்க. ஆஸ்பத்திரிக்கு நேரா போயிருக்கலாம், போகக் கூடாதுன்னுதான் திரும்பினேன். எங்க கையெழுத்து போடணுமோ காட்டுங்க. ஆனா ஒண்ணை விட்டுடாதீங்க, அதையும் சேர்த்து எழுதணும். கூரத்துல இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் பிரீமியத்தைப் பத்தி ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லிக்கினே வந்தேன். அண்ணன் ஒரு வார்த்தை குறுக்கே பேசலை. கடைசியில அவருக்குப் புரிஞ்சிடுச்சு மேடம்.