கூகைமலையின் ‘வேண்டாம்’ என்ற சொல்லை வேண்டாம் என்றே சொன்ன நீரஜா அம்மையாருக்கு

நெஞ்சில் நேர்மையும் நாவில் நிதானமும் நிறைந்தவரே! மும்மொழி முறையாய்க் கற்றும் முகமன் மொழி மட்டும் பழகாத மூத்தவரே! பிறர் சொல்லைப் பொன்போல் போற்றி, தம் சொல்லை அளந்தே செலவிட்ட பெருமாட்டியே! நந்தனத்து அலுவலகத்தின் இந்தச் சிறு கூடத்தில், பணி நிறைவு பெறும் உங்கள் முன், உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இத்தகைய மடலில் பண்புகளை வரிசையாக அடுக்குவது வழக்கம். உங்களுக்கு அடுக்கினால் பந்தி பந்தியாய் நீளும். ஆனால் இந்த அவையில் பாதிப்பேர் அண்மையில் சேர்ந்தவர்கள். நீரஜா மேடம் என்றால், அறிக்கையின் ஓரத்தில் பச்சை மையால் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறவர் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். கூகைமலையைப் பற்றி அவர்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். அதை முழுதாகச் சொல்லிவிட இன்றைவிட நல்ல நாள் கிடையாது. அதனால் நீங்கள் எதிரில் அமர்ந்திருக்கும்போதே உங்களைப் படர்க்கையில் வைத்துப் பேசப்போகிறோம். பொறுத்தருள்க.

நீரஜா மயிலாப்பூரில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். நம் நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இங்கேயே தலை நரைத்தார். நம் தொழில் எல்லாரும் அறிந்ததுதான். ஓரிடத்தில் ஆலையோ சாலையோ சுரங்கமோ வரப்போகிறதென்றால், அதனால் மண்ணும் நீரும் மக்களும் என்ன ஆவார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதித் தருகிறோம். கட்ட வருகிறவர்தான் நமக்கும் சம்பளம் தருகிறவர். இந்தத் தொழிலின் தருமசங்கடம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஆந்திர எல்லையோரம் கூகைமலைச் சரணாலயத்தை ஒட்டி யுரேனியம் தோண்ட ஒரு கம்பெனி வந்தது. காட்டின் எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் தேவாங்கும் கூகையும். இந்தப்பக்கம், கல்லை உரசியபடி, இருளர் குடியிருப்புகள். சுரங்கம் கல்லுக்கு இந்தப்பக்கம்தான் வரும், ஆகவே சரணாலயத்துக்குக் கெடுதல் இல்லை என்பது கம்பெனியின் கட்சி. அறிக்கை எழுதும் பொறுப்பு நமக்கு வந்தது. நில அளவையாளர் ஃபராசும் நீரஜாவும் மலைக்குப் போனார்கள்.

அங்கே கிராம சபையில் முன்நின்று பேசுகிறவர் பூங்காவனம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. வந்தவர்களுக்குப் பாய் விரித்துவிட்டு நேராகவே கேட்டார்.

“நீங்க கம்பெனி ஆளா, சர்க்கார் ஆளா?”

“கம்பெனிக்கு வேல செய்யற ஆபீஸ்மா. நீங்க சொல்றத இங்கிலீஷ்ல எழுதறது என் வேல.”

“எழுதிக்கினு போனவங்க நெறயப் பேரு. எழுதனத எங்களாண்ட ஒருத்தரும் படிச்சுக் காட்னதில்ல.”

நீரஜா அன்று மாலை, எழுதியதை எல்லாம் அவர்கள் பேச்சிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது. ‘சுரங்கம் குறித்து அஞ்சுகிறோம்’ என்ற இடம் வந்ததும் பூங்காவனம் கையை நீட்டித் தடுத்தார்.

“பயப்பட்றோம்னா எழுதிக்கீற? பயம் இல்லம்மா. வேணாம்னு சொல்றோம். பயந்தவன ஆறுதல் சொல்லி இட்டுனு போயிடலாம். வேணாம்னவன என்னா பண்ணுவாங்க?”

இத்தனை காலம் சொற்களோடு பழகியும் அந்த வேறுபாட்டைத் தாம் கவனிக்கவில்லையே என்று நீரஜாவுக்குச் சுருக்கென்றது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

அறிக்கை அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் ‘உள்ளூர் மக்களிடையே நீர் குறித்துச் சில ஐயங்கள் நிலவுகின்றன’ என்றிருந்தது. நீரஜா அதை எடுத்துக்கொண்டு நம் இயக்குநர் வெங்கடரமணன் அவர்களின் அறைக்குப் போனார்.

“சூடான வார்த்தை வேண்டாம்னு கம்பெனிக்காரா கேட்டுண்டா. கொஞ்சம் தணிச்சேன். அர்த்தம் ஒண்ணும் மாறலியே?” என்றார் அவர்.

“மாறிடுச்சு சார்.”

“தில்லியிலேர்ந்து நிபுணர் குழு வரப்போறது. அவாளே நேர்ல வந்து பேசுவா. அங்க சொல்லிக்கட்டுமே.”

இதை இந்த மடலில் மறைக்காமல் எழுதச் சொன்னவர், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெங்கடரமணன் அவர்களேதான் என்பதையும் அவை அறிய வேண்டும்.

நிபுணர் குழு தரமணியில் ஒரு கூடத்தில் கூடியது. மலைமக்கள் வேன் பிடித்து வந்தார்கள். குளிரூட்டிய கூடத்தில் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் சிலரும் வந்திருந்தார்கள். மலையின் பேச்சில் பாதித் தமிழ், மீதி தெலுங்கு. இரண்டும் தெரிந்தவர் என்பதால் இரு தரப்பும் ஒப்பி நீரஜாவையே மொழிபெயர்க்க அமர்த்தினார்கள்.

பூங்காவனம் எழுந்து ஒலிவாங்கியைத் தொடாமலே பேசினார்.

“எங்க கன்னிமாரு குந்திக்கினு கீற பாறைக்குக் கீழதான் ஊத்து. பாறைய ஒடைச்சா கன்னிமாருக்கு இன்னா? காலு கீது, வேற மல பாத்துப் போயிடுவாங்க. நாங்க எங்க போறது? எடுக்கறத எடுத்துக்கினு, மிச்ச மண்ணயும் விஷத் தண்ணியயும் எங்க தலைக்கு மேல கொளம் கட்டி வெக்கப்போறாங்களாம். அந்தக் கொளத்துல கம்பெனிக்காரங்க பசங்க குளிப்பாங்களா? இந்தக் காட்ட யாரும் எங்களுக்கு எழுதிக் குடுக்கல. நாங்களும் யாருக்கும் எழுதிக் குடுக்கல.”

நீரஜா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். கன்னிமாருக்குக் கால் இருப்பதையும் விடவில்லை. குழுத் தலைவர், ஓய்வுபெற்ற விஞ்ஞானி, தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மாற்றுக் கருத்து உள்ளவர் யாரேனும் உண்டா என்றார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். வரதன். பூங்காவனத்தின் மூத்த மகன், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.

“எனக்கு வேல வேணும். காட்டுல தேன் எடுத்தா கேசு, வெறகு எடுத்தா கேசு. சொரங்கம் வந்தா மாசாமாசம் சம்பளம்னு சொல்றாங்க. வரட்டுமே.”

கூடம் சலசலத்தது. ஆர்வலர்களில் ஒருவர் குனிந்து நீரஜாவின் காதருகே வந்தார். “மேடம், இத விட்டுடுங்க. ஏதோ வீட்டுச் சண்டை. கேஸே கெட்டுடும்.”

நீரஜா பூங்காவனத்தைப் பார்த்தார். பூங்காவனத்தின் முகம் கறுத்திருந்தது. ஆனாலும் சொன்னார்: “எம்புள்ள சொன்னதயும் சொல்லும்மா. அவனும் அந்த மலதான்.”

வரதன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் நீரஜா ஆங்கிலத்தில் சொன்னார். கம்பெனி வரிசையில் முகங்கள் மலர்ந்தன. தலைவர் பேனாவை எடுத்தார். “அப்படியானால் மக்களுக்குச் சில ஐயங்கள், சிலருக்கு ஆதரவு என்று பதிந்துகொள்ளலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ஆமாம், சில ஐயங்கள்தான். அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது” என்று அந்த வரிசையிலேயே அமர்ந்திருந்த நம் இயக்குநர் பதில் சொல்லிவிட்டார்.

மொழிபெயர்ப்பவருக்குச் சொந்தக் குரல் கிடையாது என்பது இந்தத் தொழிலின் விதி. நீரஜா அதை ஒருநாளும் மீறியதில்லை. அப்போது அவர் கணவரின் அச்சகம் மூடிக் கிடந்தது. ஆதம்பாக்கத்து வீடு இவர் சம்பளத்தில்தான் ஓடியது. ஆனால் தலைவர் கேட்ட கேள்வி மலைமக்களைப் பற்றியது. அதை இன்னும் யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டுச் சொல்வது தம் வேலை என்று அவருக்குப் பட்டது. எழுந்து நின்று அவர்கள் பேச்சிலேயே கேட்டார்.

“ஐயா கேக்கறாரு. உங்களுக்கு இருக்கறது சந்தேகமா, இல்ல வேணாம்னு முடிவா?”

“வேணாம்,” என்றார் பூங்காவனம். பக்கத்துப் பெண் சொன்னாள். அதற்கடுத்தவர் சொன்னார். வரிசை வரிசையாக அந்தச் சொல் பின்னால் போயிற்று. வரதனிடம் வந்து நின்றது. அவர் தாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

“எங்கம்மா வேணாம்னு சொல்றது எனக்குப் புடிக்கல. ஆனா எங்களக் கேக்காம வந்து தோண்டறது அதவிடப் புடிக்கல.”

நீரஜா அதையும் சொல்லிவிட்டுத் தலைவரிடம் தொடர்ந்தார்: “ஐயா, இவர்கள் சொன்னது ஐயம் அல்ல. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் அடங்கும் சொல். மலையில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். எழுதிக்கொண்டு வந்தவள் நான். அச்சில் இருப்பது அவர்கள் சொல் இல்லை.”

தலைவர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறெதையோ எழுதினார்.

அன்று வேளச்சேரிக்குப் பறக்கும் ரயிலில் திரும்பும்போது நீரஜாவின் கைபேசி ஓயாமல் அடித்தது. அவர் எடுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடம், “வேல போயிடும் போல இருக்கு” என்றார்.

“சொன்னது சரியா?”

“சரிதான்.”

“அப்போ கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். “ஏன் இப்படிப் பண்ணினேள்? நம்ம மனுஷாளே நம்மள அங்க வெச்சு… நீங்களா விலகிண்டா நல்லது.”

“நானா விலக மாட்டேன் சார். நான் செஞ்சது என் வேல. அது தப்புன்னு நீங்க நெனச்சா, நீங்களே அனுப்புங்க.”

அவர் அனுப்பவில்லை. தப்பு என்று எழுதித்தர அவருக்குக் கை வரவில்லை. ஆனால் கம்பெனி நம்மை விட்டுப் போயிற்று. அதன் கூடவே வேறு வாடிக்கையாளர்களும் போனார்கள். நீரஜாவுக்குக் களப்பணி நின்றது. பிழை திருத்தும் மேசை கிடைத்தது. அங்கே பச்சை மையோடு நெடுங்காலம் இருந்தார். ஆர்வலர்களோ, வரதன் பேச்சை மொழிபெயர்த்துக் காரியத்தைக் கெடுத்தார் என்று ஊரெல்லாம் பேசினார்கள். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் ஒருசேர வாங்கிக்கொண்ட அந்த நாட்களில், அவர் யாரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் சொல்லிக் கேட்டவர் நம்மில் எவரும் இல்லை. சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு, “இன்னைக்கு வத்தக்குழம்பு, யாருக்கு வேணும்?” என்று கேட்பார். அவ்வளவுதான்.

குழுவின் முடிவு வந்தது. சுரங்கத்துக்குப் பரிந்துரை இல்லை, கிராம சபையின் ஒப்புதல் இன்றி மேற்கொண்டு நகர முடியாது என்று இருந்தது. அதில் எடுத்துக்காட்டியிருந்தது யார் சொல் தெரியுமா? வரதனின் சொல். வேலை கேட்டவரே, கேட்காமல் தோண்டாதே என்கிறார் என்றால் அதைவிட வலுவான சாட்சி எது என்று கேட்டிருந்தார் தலைவர். காதில் குனிந்து பேசிய ஆர்வலர் நந்தனத்துக்கே தேடி வந்து நீரஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கிராம சபை கூடி ஒரே குரலில் மறுத்தது. கம்பெனி இடத்தைக் காலி செய்தது.

எல்லாம் நலமாயிற்று என்று சொல்லி முடிக்க நீரஜா அம்மையார் விடமாட்டார். ஆகவே இதையும் சொல்கிறோம். வன உரிமை கிடைத்துத் தேன் எடுப்பதற்கு இப்போது வழக்கு இல்லை. ஆனால் வரதனுக்கு நிலையான வேலை இன்னும் அமையவில்லை. தாயும் மகனும் ஓராண்டு பேசாமல் இருந்து, பிறகு பேசினார்கள். மலை மலையாக இருக்கிறது.

நம் அலுவலகத்தில் நடந்த மாற்றம் ஒன்று உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் ஒருநாள் இயக்குநர் தாமே பிழைதிருத்தும் மேசைக்கு வந்து நின்றார். “இனிமே களத்துல எழுதறத அந்த ஊர்க்காராளுக்கு வாசிச்சுக் காட்டாம ஒரு அறிக்கையும் வெளியில போகக்கூடாது. அத நீங்கதான் பாத்துக்கணும்,” என்றார். நீரஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “சரி சார்” என்றார். புதிதாய்ச் சேர்ந்தவர்களே, ஊரார் நடுவில் உட்கார்ந்து நீங்கள் உரக்க வாசிக்கும் அந்த வழக்கம் இப்படித்தான் வந்தது.

அம்மையீர், இனி உங்களை நோக்கியே பேசுகிறோம்.

சென்ற மாதம் கூகைமலையின் மேற்குச் சரிவில் சுரங்கம் தோண்ட வேறொரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கும் செய்தியை நாம் அறிவோம். அறிக்கை எழுதித் தர நம்மைக் கேட்டார்கள். நாம் மறுத்தோம். போன வாரம் பூங்காவனம் அலுவலகத்துக்கே தொலைபேசினார். எடுத்தவர் இயக்குநர்.

“நீரஜாம்மா ரிட்டயர்டு ஆவறாங்களாமே. இனிமே எங்க பேச்ச யாரு சொல்லுவாங்க?”

“அவங்களே வருவாங்கம்மா. அன்னைக்கு நாங்க அனுப்பி வந்தாங்க. இனிமே நீங்க கூப்ட்டு வருவாங்க.”

கிராம சபை உங்களைத் தன் மொழிபெயர்ப்பாளராக அமர்த்தித் தீர்மானம் போட்டதும், நீங்கள் ஒப்புக்கொண்டதும் நேற்றுத்தான் எங்களுக்குத் தெரியவந்தன. ஓய்வு என்று சொல்லி மாலை போட வந்த எங்களுக்கு, வழியனுப்பும் பேறு வாய்த்தது.

ஆகவே செல்வமும் புகழும் சேர்க என்று வாழ்த்தப்போவதில்லை. நீங்கள் அவற்றை வாங்கிக்கொள்ளமாட்டீர்கள். மலைப்பாதை உங்கள் முழங்கால்களிடம் இரக்கம் காட்டட்டும்! கண்ணின் ஒளியும் குரலின் தெளிவும் குறையாதிருக்கட்டும்! இல்லத்தரசரும் நீங்களும் இணைபிரியாது, நோயணுகாது, நெடுங்காலம் வாழ்க! மேற்குச் சரிவு பற்றிய கூட்டம் அடுத்த மாதம். ஃபராஸ் விடுப்பு சொல்லிவிட்டார், வண்டியும் ஏற்பாடாகிவிட்டது. போய் வாருங்கள், அம்மா.

நிறைந்த நெஞ்சோடும் நீங்கா அன்போடும்,
உடன் உழைத்தோர் அனைவரும்,
நந்தனம், சென்னை.