மகாராணி கேட்கும் குரல்

அங்கயே நில்லுங்க தம்பி, கிட்ட வராதீங்க. புது ஆளப் பாத்தா இது பாலை அடக்கிக்கும். அப்புறம் நீங்க எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் வெறும் பாத்திரம்தான்.

மூணு பண்ணை அலைஞ்சீங்களா? அலையத்தான் வேணும். ஒட்டகம் வச்சிருக்குறவங்களே கொஞ்சப்பேரு, அதுல கறந்த பாலா அப்படியே குடுக்குறவங்க இன்னும் கம்மி. யாருக்கு, பாப்பாவுக்கா? மாட்டுப்பால் குடிச்சா உடம்பெல்லாம் தடிச்சிருதா... அய்யோ. இங்க பாருங்க, இது ஒத்துக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டரக் கேட்டுக்கோங்க. பச்சையா வாங்கிட்டுப் போங்க, ஆனா பச்சையாக் குடுத்துராதீங்க. பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடுக்கணும்.

ரெண்டு காம்பு கன்னுக்கு, ரெண்டு நமக்கு. அதுதான் கணக்கு. பேரு மகாராணி. வேலைக்காரி நான்தான்.

இல்ல தம்பி, வீட்டுக்காரர் இல்ல. மழை ஆரம்பிச்ச சமயம், ரோட்டு வளைவுல லாரி... ம்.

கறக்குறது எல்லாம் அவர்தான். ஒத்தக் கால்ல நின்னு, தொடை மேல பாத்திரத்த வச்சுக்கிட்டு, வாய் ஓயாமப் பேசிக்கிட்டே கறப்பார். அவர் போன பிறகு நாலு நாள் இது ஒரு சொட்டு விடல. கன்னு முட்டுது, முட்டுது, இது மரம் மாதிரி நிக்குது. மடி வீங்கிருச்சு. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். ம்ஹூம்.

அஞ்சாம் நாள் வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆள் வர்ற வரைக்கும் கொட்டகையில உக்காந்து, போன்ல அவர் குரலப் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். கடைசியா அனுப்புனது, எட்டு செகண்டுதான். போட்டதும் இது காதை நிமித்துது. கழுத்த வளைச்சு வாசலப் பாக்குது. கீழ குனிஞ்சு பாத்தா, பால் தானா சொட்டுது தம்பி.

அதுலேருந்து காலையில போடுவேன், சாயங்காலம் போடுவேன். கறந்து முடிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும். இது வாசலையே பாத்துக்கிட்டு நிக்கும். நானும் பாப்பேன், பொய் எதுக்குச் சொல்லணும்.

சரி, இப்பப் போடுறேன். ஆம்பளக் குரல் கேட்டா பயந்துறாதீங்க.

சேச்சே, ஒட்டகத்துக்கிட்டப் பேசுனது இல்ல தம்பி. எனக்கு அனுப்புனது. கதவத் தாப்பா போட்டுறாத, பத்து நிமிஷத்துல வந்துடுறேன்னு.