பொடித்த மாத்திரை

என் தம்பிக்கு மாத்திரையை முழுசாக விழுங்க வராது. டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவன், மாத்திரையைக் கண்டால் மட்டும் வாயை இறுக்கிக்கொள்வான். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, சர்க்கரை போட்டுக் கலக்கித் தருவேன். என்ன மாத்திரை என்று அவன் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்கிறீர்கள் சார், அதனால் சொல்கிறேன்.

அம்மா போனபோது அவன் கைப்பிள்ளை, நான் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. தவழ்ந்தாலே அவனுக்கு முட்டி வீங்கிவிடும். நமக்கெல்லாம் உள்ளே காயம் பட்டால் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். பிறகு ரத்தத்தில் இருக்கும் பொருட்கள் ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டு, கடைசியில் அதன் மேல் நூல் நூலாக வலை பின்னும். அப்போதுதான் அடைப்பு நிலைக்கும். அந்த வரிசையில் ஒரு பொருள் அவனுக்குப் பிறவியிலேயே குறைவு. அடைப்பு விழும், வலை பின்னாது. எங்கள் வீட்டில் ரத்தம் என்று சொல்லமாட்டோம். "அக்கா, முட்டிக்கு விருந்தாளி வந்தாச்சு" என்பான். ஐஸை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

ஓடி ஓடியே அலுத்துப்போனேன். எனக்கு வரன் பேச வந்தவர்கள், இது பெண் வழியாகப் பிள்ளைக்கு இறங்குமாம் என்று கேள்விப்பட்டு, கொடுத்த காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு குறைகிற பொருளையே ஊசியாக ஏற்றும் வசதி வந்தது. தம்பி நிமிர்ந்து நடந்தான், வேலைக்குப் போனான், கூட வேலை பார்க்கும் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தான். கல்யாணம் முடிந்ததும் வேறு ஊரில் தனி வீடு என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவன் போய்விட்டால் காலையில் எழுந்து யாருக்காக அடுப்பைப் பற்றவைப்பது என்று தோன்றியது.

வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் தலைவலி என்றான். ஆஸ்பிரின் அவனுக்கு ஆகவே ஆகாது. தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்துவிடும். வலை பின்னாதவனுக்கு மிச்சம் இருந்ததே அந்த அடைப்பு ஒன்றுதான். தெரிந்தேதான் நசுக்கினேன். முட்டி வீங்கியது, பயணம் நின்றது. பழையபடி என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினான். பிறகும் சிலமுறை கொடுத்தேன், அளவோடுதான்.

ஒரு நாள் அந்தப் பெண் வந்து, "அண்ணி, ஊசி போட எனக்கும் கத்துக்குடுங்க. எத்தனை நாளைக்கு நீங்களே கஷ்டப்படுவீங்க?" என்றாள். நல்ல பெண். நான் வருஷக்கணக்கில் தட்டுத்தடுமாறிக் கற்றதை ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிட்டது.

"அக்கா கையவிட இவ கை லேசு" என்று தம்பி சிரித்தான்.

கேலிதான். எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து தினமும் பாலில் கலந்தேன்.

அடுத்த ஊசி போடவேண்டிய நாள், பெட்டி கட்டும்போது அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டான். சின்ன இடி. கொஞ்ச நேரத்தில் தலை கனக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே, வேறு ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். சொல்லியிருந்தால் தட்டணுக்களையும் ஏற்றிப் பார்த்திருப்பார்கள். பிழைத்திருக்கலாம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இல்லை என்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் என் தோளில் விழுந்து அழுதாள். "நீங்க இல்லன்னா அவர் இத்தனை வருஷம் உயிரோட இருந்திருக்கவே மாட்டார் அண்ணி" என்றாள்.

அது உண்மை சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.